கல்லீரல் மரபணுக்களின் பரிணாமத்தை முதுகெலும்பிகளிடையே ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

எலியின் கல்லீரல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தவளையிலும் ஆமையிலும் அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம். மனிதனில் அது நடப்பதே இல்லை. அதற்குரிய குலோ என்ற மரபணு நம்மிடம் சிதைந்த எச்சமாகக் கிடக்கிறது. அப்படியானால் குலோ கல்லீரல் மரபணுவா, இல்லையா? மனிதப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் அது கண்ணில் படவே படாது. எலியின் பட்டியலோடு தொடங்கினால், தவளையின் கல்லீரலில் அது இயங்காததைப் பார்த்து, தவளை அந்தத் திறனையே இழந்துவிட்டது என்று எழுதிவிடுவோம்.

இந்தத் துறையின் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு மரபணு ஏதோ ஒரு கிளையில், ஏதோ ஒரு வளர்ச்சிப் பருவத்தில் கல்லீரலின் பொறுப்பை ஏற்கிறது. வேறொரு கிளையில் அதைக் கைவிடவும் செய்கிறது. எனவே அதன் எழுத்துவரிசை மாறியதா, படிகளின் (நகல்களின்) எண்ணிக்கை மாறியதா, அது இயங்கும் இடமும் அளவும் மாறினவா என்பவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் பார்க்கவேண்டும். அடிப்படை மரபியல் படித்து, கணினியில் கட்டளை கொடுத்து ஒரு நிரலை ஓட்டத் தெரிந்தவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘கல்லீரல் எப்படிப் பரிணமித்தது?’ என்பதற்கு எந்தத் தரவும் விடை சொல்லாது. ‘முட்டையிடுவதைக் கைவிட்ட பாலூட்டிகளில் வைட்டலோஜெனின் மரபணுக்கள் எப்போது செயலிழந்தன?’ என்பதற்குச் சொல்லும். வைட்டலோஜெனின் என்பது முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப் புரதம். ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் தாயின் கல்லீரலில் உருவாகி, இரத்தத்தின் வழியே சினைப்பைக்குப் போகிறது. 2008-இல் பிராவாண்ட், வாலி, கேஸ்மன் ஆகியோர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மூதாதையிடம் இருந்த மூன்று வைட்டலோஜெனின் மரபணுக்கள் மற்றப் பாலூட்டிகளில் படிப்படியாகச் சிதைந்திருப்பதையும், முட்டையிடும் பிளாட்டிபஸில் ஒன்று இன்னும் இயங்குவதையும் காட்டினார்கள். பாலின் கேசீன் மரபணுக்களோ அந்த இழப்புகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. குட்டிக்கு உணவு தர வேறு வழி வந்தபின், பழைய வழி மெல்ல மூடப்பட்டிருக்கிறது.

கேள்வி இப்படிக் கூர்மையாக இருந்தால் எந்த இனங்கள் வேண்டும், எந்த மரபணுக்கள் வேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் தாமாகவே தெளிவாகிவிடும்.

2. இனங்களைத் தேர்ந்தெடுங்கள்

முதுகெலும்பிகள் முழுவதையும் தழுவ நினைத்தால் தாடையற்ற மீன்களில் லாம்ப்ரே, குருத்தெலும்பு மீன்களில் ஒரு சுறா அல்லது யானைச் சுறா, எலும்பு மீன்களில் ஜீப்ரா மீனும் மெடக்காவும், பிறகு சீலகாந்த், தவளை, பல்லி, கோழி, பிளாட்டிபஸ், ஒப்போசம், எலி, நாய், மனிதன் என்று ஒரு முதுகுத்தண்டு கிடைக்கும். ஒப்பிடுவதற்காக வெளியே வைக்கும் இனமாக, அதாவது வெளிக்குழுவாக, முதுகெலும்பிகளின் உறவான ஆம்ஃபியாக்சஸ் நல்லது. அதற்கு முழுமையான கல்லீரல் இல்லை. குடலிலிருந்து பிதுங்கும் ஒரு பை இருக்கிறது. வைட்டலோஜெனின் உட்பட, நாம் கல்லீரலோடு சேர்த்துப் பேசும் சில மரபணுக்கள் அங்கே இயங்குகின்றன.

மரபணுத்தொகுதி முழுவதுமாக இரட்டித்த வரலாற்றை இந்தக் கட்டத்திலேயே கணக்கில் எடுக்கவேண்டும். முதுகெலும்பிகளின் தொடக்கக் காலத்தில் இரண்டு முறை இரட்டிப்பு நிகழ்ந்தது; இந்தக் கருத்தின் வேர் 1970-இல் சுசுமு ஓனோ முன்வைத்த வாதத்தில் இருக்கிறது. டெலியோஸ்ட் எனப்படும் எலும்பு மீன்களின் மூதாதையில் மூன்றாவது இரட்டிப்பும், சால்மன் குடும்பத்தில் நான்காவதும் வந்தன. ஆகையால் ஒரு மனித மரபணுவுக்கு ஜீப்ரா மீனில் இரண்டு இணைகளும் சால்மனில் நான்கும் இருந்தால் வியக்க ஒன்றுமில்லை. டெலியோஸ்ட் இரட்டிப்புக்கு முன்பே கிளை பிரிந்த புள்ளிக் கார் மீனைச் சேர்த்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி அவிழ்ந்துவிடும். தவளைகளிலும் அப்படித்தான். ஆய்வகங்களில் பெயர்பெற்ற ஆப்பிரிக்க நகத்தவளை ஸீனோபஸ் லேவிஸ், இரண்டு மரபணுத்தொகுதிகள் கலந்து உண்டானது. ஒப்பிடுவதற்கு அதன் உறவினமான ஸீனோபஸ் டிராபிக்காலிஸ் எளிது.

ஒவ்வொரு கிளைக்கும் குறைந்தது இரண்டு இனங்களை வையுங்கள். ஒற்றை மரபணுத்தொகுதியில் காணும் விசித்திரம், பெரும்பாலும் அதை ஒட்டிச் சேர்த்தவர்களின் விசித்திரம். மரபணுத்தொகுதி எவ்வளவு முழுமையானது என்று காட்டும் பஸ்கோ மதிப்பீட்டை ஓட்டி, முழுமை குறைந்தவற்றைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

3. மரபணுப் பட்டியலைத் திரட்டுங்கள்

மனிதப் புரத அட்லஸும் ஜிடெக்ஸ் தரவும் கல்லீரலில் மிகுந்து வெளிப்படும் மனித மரபணுக்களைத் தருகின்றன. அதோடு நிறுத்திக்கொண்டால் குலோவும் வைட்டலோஜெனினும் விடுபட்டுப்போகும். பல விலங்குகளின் வெளிப்பாட்டுத் தரவைச் சேர்த்துவைத்திருக்கும் பிஜீ தரவுத்தளத்திலிருந்து எலி, கோழி, தவளை, மீன் ஆகியவற்றின் பட்டியல்களையும் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு வேலையின்படி பிரியுங்கள். இரத்தப் பிளாஸ்மாப் புரதங்கள், பித்த அமிலத் தயாரிப்பு, நைட்ரஜன் கழிவகற்றல், நச்சுநீக்கம், கொழுப்பு மற்றும் சர்க்கரை வளர்சிதைமாற்றம், கல்லீரலின் அடையாளத்தை நிலைநிறுத்தும் படியெடுப்புக் காரணிகள் (மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்கள்) என்ற பிரிவுகள் போதும். எல்லாவற்றையும் ஒரே சராசரியில் போட்டால் ஒன்றும் தெரியாது. எச்என்எஃப்4ஏ போன்ற காரணிகள் மிக மெதுவாக மாறுகின்றன. சைட்டோகுரோம் பி450 குடும்பத்துக்கு உள்ளேயே இரண்டு குணங்கள் உண்டு. கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் சிஒய்பி7ஏ1 போல உடலுக்குள்ளேயே உருவாகும் பொருள்களைக் கையாளுபவை பெரும்பாலும் நிலையாக நிற்கின்றன. வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள்களைச் சிதைப்பவை பெருகுகின்றன, அழிகின்றன. மனிதனில் இயங்கும் பி450 மரபணுக்கள் 57, எலியில் 102. கூடுதலில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

ஒப்பீட்டுக்கு இன்னொரு பட்டியலும் தேவை. அதிகமாக வெளிப்படும் மரபணுக்கள் பொதுவாகவே மெதுவாக மாறும். ஆகவே வெளிப்பாட்டு அளவில் ஒத்த தசை மரபணுக்களையோ மூளை மரபணுக்களையோ பக்கத்தில் வைக்காமல், ‘கல்லீரல் மரபணுக்கள் மெதுவாக மாறுகின்றன’ என்று சொல்வதற்கு அர்த்தமில்லை.

4. உண்மையான இணையைக் கண்டுபிடியுங்கள்

பெயரை நம்பாதீர்கள். குடலிலிருந்து வந்து கல்லீரலின் பித்த அமில உற்பத்தியை அடக்கும் ஹார்மோன் மனிதனில் எஃப்ஜிஎஃப்19, எலியில் எஃப்ஜிஎஃப்15. ஒரே மூதாதை மரபணுவின் வழித்தோன்றல்களான ஆர்த்தோலாக்குகள்தாம் இவை. எலிக்கு எஃப்ஜிஎஃப்19 இல்லை என்று ஒரு நிரல் சொன்னால், அது பெயரை மட்டும் தேடியிருக்கிறது என்று பொருள்.

ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் நிரலை இருபுறமும் ஓட்டி, இரண்டிலும் முதலாவதாக வருவதை இணை என்று வைத்துக்கொள்ளும் பழைய முறை எங்கே சறுக்கும் என்பதற்கு அல்புமின் குடும்பம் நல்ல உதாரணம். மனிதனின் 4-ஆம் குரோமோசோமில் அல்புமின், ஆல்ஃபா-ஃபீட்டோபுரதம், அஃபமின் ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. வைட்டமின் டி-யைச் சுமக்கும் ஜிசி சற்றுத் தள்ளி இருக்கிறது. நான்கும் இரட்டிப்பில் பிறந்த உறவுகள். சால்மனில் அல்புமின் உண்டு. ஜீப்ரா மீனில் இல்லை, ஆனால் ஜிசி உண்டு. மனித அல்புமினை ஜீப்ரா மீனில் தேடினால் ஜிசி முன்னால் வந்து நிற்கும். அதை அல்புமின் என்று ஏற்றுக்கொண்டால், அசுர வேகத்தில் மாறிய ஓர் அல்புமின் கிடைத்துவிட்டதாகத் தோன்றும்.

இதைத் தடுக்க இரண்டு காவல்கள் உண்டு. முதலாவது, குடும்பம் முழுவதற்கும் மரம் வரைவது. ஆர்த்தோஃபைண்டர் இதைச் செய்யும். என்செம்பிள் தளம் ஏற்கெனவே வரைந்துவைத்த மரங்களையும் பார்க்கலாம். இரண்டாவது, அண்டை மரபணுக்களின் வரிசையைச் சரிபார்ப்பது. ஜெனோமிகஸ் தளம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத மரபணுவைத் தனியே ஒதுக்கிவைத்துக் கையால் ஆராயுங்கள்.

அல்புமினுக்கு இந்தத் துறையில் தனி மரியாதை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 1967-இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் மனித, குரங்கு அல்புமின்களுக்கு எதிர்ப்புப் புரதங்கள் எவ்வளவு வலுவாக வினையாற்றுகின்றன என்று அளந்தே, மனிதனும் ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளும் சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கணித்தார்கள். அன்றைய புதைபடிவ அறிஞர்கள் பலர் நம்பிய காலத்தைவிட அது மிகக் குறைவு.

5. ‘இல்லை’ என்று எழுதும் முன்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும் என்பது என் கருத்து. இழப்பு என்ற முடிவு கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். தவறாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். பறவைகளில் பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோன் உண்டா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்து, 2014-இல்தான் சில பறவைகளில் அது உறுதியாகக் கண்டறியப்பட்டது. ஜி, சி எழுத்துகள் மிகுந்த பகுதிகள் வரிசையறிதலில் எளிதில் நழுவிவிடுகின்றன. பறவைகளில் அத்தகைய மரபணுக்கள் பல.

ஒரு மரபணு உண்மையிலேயே அழிந்தது என்றால், அதன் இருபுறத்து அண்டை மரபணுக்களும் இடைவெளியில்லாத ஒரே துண்டில் இருக்கவேண்டும். நடுவில் உடைந்த எச்சம் கிடைத்தால் இன்னும் நல்லது: இடையில் முளைத்த முடிவுக் குறி, சட்டகம் பிறழ்ந்த இடம், காணாமல்போன எக்ஸான். அதே பழுது நெருங்கிய உறவினத்திலும் இருக்கிறதா, ஒட்டப்படாத மூலத் தரவிலும் தென்படுகிறதா என்று பாருங்கள். பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இதைப் பெருமளவில் செய்ய டோகா என்ற கருவி உதவும்.

யூரிக்கேஸ் இதற்குப் பாடமாக அமையக்கூடியது. பெரும்பாலான பாலூட்டிகளின் கல்லீரல் யூரிக் அமிலத்தை இந்த நொதியால் உடைக்கிறது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய நான்கிலும் ஒரே இடத்தில் ஒரே முடிவுக் குறி நிற்கிறது. அது பொது மூதாதையில் வந்த பழுது. கிப்பன்களிலும் மரபணு செயலற்றதுதான், ஆனால் அங்கே உள்ள பழுது வேறு. எத்தனை இனங்களில் இல்லை என்று எண்ணாமல், எத்தனை தனித்தனிப் பழுதுகள் என்று எண்ணுவது ஏன் அவசியம் என்பது இதிலிருந்து விளங்கும். மூதாதை யூரிக்கேஸ்களை ஆய்வகத்தில் மறுபடி உருவாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. மரபணு உடைவதற்கு வெகுகாலம் முன்பே நொதியின் திறன் படிப்படியாகக் குறைந்துகொண்டு வந்தது அதில் தெரிந்தது.

இழப்பு என்றதும் கேடு என்று நினைக்கவும் கூடாது. பட்டினியில் மூளைக்கு எரிபொருளாகும் கீட்டோன்களைத் தயாரிக்க இன்றியமையாதது என்று கருதப்பட்ட எச்எம்ஜிசிஎஸ்2, திமிங்கிலங்கள், யானைகள், பழைய உலகப் பழந்தின்னி வௌவால்கள் ஆகிய மூன்று கிளைகளிலும் தனித்தனியே அழிந்திருக்கிறது. பெரிய மூளை கொண்ட யானை அது இல்லாமல் சமாளிக்கிறது. பூனையின் கதை வேறு. நச்சுநீக்கத்துக்கு உதவும் யுஜிடி1ஏ6 மரபணு செயலிழந்ததால், பாராசிட்டமால் அதற்குச் சிறு அளவிலும் நஞ்சாகிறது. இறைச்சியே உணவான மூதாதைக்குத் தாவர வேதிப்பொருள்களைக் கழிக்கும் தேவை குறைந்திருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

6. வரிசைகளைப் பொருத்துங்கள்

புரத வரிசைகளை மாஃப்ட் அல்லது பிராங்க் கொண்டு பொருத்தி, அந்தப் பொருத்தத்தின்மேல் கோடான்களை ஏற்றுங்கள். நியூக்ளியோட்டைடுகளை நேரடியாகப் பொருத்தினால் சட்டகம் உடையும். எல்லா இனங்களிலும் ஒரே எக்ஸான் அமைப்புள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ‘மிக நீளமானது’ என்ற விதி பல இடங்களில் ஒப்பிடக்கூடாததை ஒப்பிட வைக்கும்.

மோசமாகப் பொருந்திய பகுதிகளைத் தானாக வெட்டும் கருவிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் வெட்டப்பட்டது என்ன என்று பாருங்கள். கல்லீரலில் கிளையாக்ஸிலேட்டை அகற்றும் ஏஜிஎக்ஸ்டி என்ற நொதி, ஊனுண்ணிகளில் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவிலும், தாவர உண்ணிகளிலும் மனிதனிலும் பெராக்சிசோமிலும் இருக்கிறது. கிறிஸ்டோபர் டான்ப்யூரின் குழு இதைப் பல இனங்களில் தொடர்ந்து ஆராய்ந்தது. இந்த இடமாற்றத்துக்குக் காரணம் மரபணுவின் தொடக்க முனை: முதல் தொடக்கக் கோடான் இருந்தால் புரதத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவின் முகவரி கிடைக்கிறது, அது அழிந்தால் கிடைப்பதில்லை. இனத்துக்கு இனம் சரியாகப் பொருந்தாத அந்த முனையைத்தான் வெட்டும் கருவி முதலில் தூக்கி எறியும். கதை முழுவதும் குப்பைக் கூடையில் கிடக்க, மிச்சத்தை வைத்துக்கொண்டு ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று எழுத நேரிடும்.

7. தேர்வின் தடத்தை அளவிடுங்கள்

அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களின் வீதத்தை, மாற்றாதவற்றின் வீதத்தால் வகுத்தால் கிடைப்பது ஒமேகா. 1-க்கு மிகவும் கீழே இருந்தால் இயற்கைத் தேர்வு மாற்றங்களைக் களைந்துகொண்டிருக்கிறது. 1-ஐ ஒட்டியிருந்தால் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. அதைத் தாண்டினால் மாற்றமே விரும்பப்பட்டிருக்கலாம். ஐக்யூ-ட்ரீயில் மரத்தை வரைந்து, பாமல் தொகுப்பின் கோட்எம்எல் நிரலிலோ ஹைஃபையின் ஏபிஎஸ்ரெல், பஸ்டட் முறைகளிலோ சோதிக்கலாம். தளர்வையும் நேர்மறைத் தேர்வையும் பிரித்தறிய ஹைஃபையில் ரிலாக்ஸ் என்ற சோதனை தனியே இருக்கிறது. இழப்பை நோக்கிப் போகும் மரபணுக்களுக்கு அதை ஓட்டாமல் விடாதீர்கள்.

மனிதனும் ஜீப்ரா மீனும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவ்வளவு காலத்தில் அமினோ அமிலத்தை மாற்றாத இடங்கள் பலமுறை மாறி மாறித் தெவிட்டிவிட்டன. வகுக்கும் எண்ணே நம்பகமற்றது. எனவே ஒமேகாவைப் பாலூட்டிகளுக்குள், பறவைகளுக்குள், ஒரு மீன் குடும்பத்துக்குள் என்று தனித்தனியாக அளந்து, கிடைத்தவற்றைக் கிளைகளுக்கு இடையே ஒப்பிடுங்கள்.

முழு மரபணுவுக்கும் ஒரே எண் கணிப்பதும் பல உண்மைகளை மறைக்கும். நச்சுப் பொருள்களை உணர்ந்து பி450 மரபணுக்களை முடுக்கிவிடும் பிஎக்ஸ்ஆர் ஏற்பியில், டிஎன்ஏ-வைப் பற்றும் பகுதி உறுதியாக நிற்கிறது. வேதிப்பொருளைப் பற்றும் பகுதி முதுகெலும்பிகளிடையே மிகவும் வேறுபடுகிறது. இதன் பின்னணியில் பித்த உப்புகளின் வரலாறு இருக்கக்கூடும். ஹேக்மீனும் கெண்டைக் குடும்பமும் 27 கார்பன் கொண்ட பித்த ஆல்கஹால்களைப் பயன்படுத்த, பெரும்பாலான பாலூட்டிகள் 24 கார்பன் பித்த அமிலங்களுக்கு மாறிவிட்டன. ஹாஃப்மன், ஹேகி, க்ராசோவ்ஸ்கி ஆகியோர் 677 முதுகெலும்பி இனங்களின் பித்தத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட தொகுப்பைப் பிஎக்ஸ்ஆர் மரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், ஏற்பியும் அது உணரும் பொருளும் ஒன்றையொன்று தொடர்ந்திருக்கலாம் என்ற எண்ணம் எழாமல் போகாது. ஆகவே இடங்கள் வாரியாகவும் பகுதிகள் வாரியாகவும் சோதியுங்கள்.

நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சோதிக்கும்போது சில தற்செயலாகவே தேறும். பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதற்கான பெஞ்சமினி–ஹோக்பெர்க் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். தேறியவற்றின் பொருத்தத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

8. மரபணுப் படிகளின் எண்ணிக்கை

குடும்ப அளவுகளை இனமரத்தின்மேல் வைத்து, எங்கே கூடின, எங்கே குறைந்தன என்று கேஃபே நிரல் கணிக்கும். ஒரே மரபணு இரண்டு துண்டுகளாக உடைந்து இரண்டாக எண்ணப்படுவதும், ஒன்றுபோல் இருக்கும் அண்டைப் படிகள் ஒன்றாகச் சுருங்கிவிடுவதும் பி450 குடும்பங்களில் சர்வசாதாரணம். எலியில் சிஒய்பி2டி வரிசையில் ஒன்பது இயங்கும் மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்க, மனிதனில் சிஒய்பி2டி6 மட்டும் இயங்குகிறது. நீண்ட துண்டுகளாக வரிசையறியப்படாத மரபணுத்தொகுதியில் இப்படிப்பட்ட இடங்களின் எண்ணிக்கையை நம்பவே கூடாது.

9. வெளிப்பாட்டை ஒப்பிடுங்கள்

ஆர்என்ஏ தரவை இறக்குமுன் அந்தக் கல்லீரல் யாருடையது, எந்த நேரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். முட்டையிடும் கோழியின் கல்லீரலில் வைட்டலோஜெனின் பெருவெள்ளமாக ஓடும். சேவலில் ஏறக்குறைய ஒன்றுமிருக்காது. எலியில் ஆண், பெண் கல்லீரல்கள் கணிசமாக வேறுபடும். பட்டினியும் பகலிரவும் பல நூறு மரபணுக்களை ஏற்றி இறக்கும். மனிதக் கருவில் சிஒய்பி3ஏ7 செய்யும் வேலையை, பிறந்தபின் சிஒய்பி3ஏ4 எடுத்துக்கொள்கிறது. லாம்ப்ரேயின் இளநிலையில் பித்தப்பையும் பித்த நாளங்களும் உண்டு. உருமாற்றத்தின்போது அவை மறைந்துவிடுகின்றன. முதிர்ந்த லாம்ப்ரேயை எடுத்து மனிதனோடு பித்தச் சுரப்பை ஒப்பிடுவது பொருளற்றது.

திசுவிலும் கலப்பு உண்டு. கெண்டை போன்ற மீன்களில் கணையத் திசு கல்லீரலுக்குள் பரவியிருப்பதால், டிரிப்சின் முன்னோடிகள் ‘கல்லீரல் மரபணுக்களாக’ வேடமிட்டு வரும். பாலூட்டிக் கருவின் கல்லீரலில் இரத்த அணுக்கள் உருவாவதால் ஹீமோகுளோபின் மரபணுக்கள் மேலே வரும்.

ஒன்றுக்கொன்று என்று உறுதியான ஆர்த்தோலாக்குகளை மட்டும் வைத்து அளவைச் சமன்செய்யுங்கள். 10 இனங்களின் 6 உறுப்புகளை ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வு இந்த வழியில்தான் போனது: மூளைத் திசுக்களில் வெளிப்பாடு மெதுவாகவும் விந்தகத்தில் மிக வேகமாகவும் மாற, கல்லீரல் இடையில் நின்றது. எல்லா மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் கையாண்ட தரவையே தேடுங்கள். 2014-இல் மனித, எலித் திசுக்கள் உறுப்புவாரியாக இல்லாமல் இனவாரியாகக் கூடுகின்றன என்று ஓர் ஆய்வு சொன்னது. மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு தொகுதிகளாக வரிசையறியப்பட்டிருந்ததை மறு ஆய்வு ஒன்று அடுத்த ஆண்டே சுட்டிக்காட்டியது. அந்த வேறுபாட்டைக் கழித்ததும் உறுப்புகள் உறுப்புகளோடு சேர்ந்தன.

இன்னொன்று: உறவினங்கள் தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டா. ஐந்து மனிதக்குரங்குகளில் ஒரே போக்கு தென்பட்டால் அது ஐந்து சான்றுகள் என்று கணக்காகாது. 1985-இல் ஃபெல்சன்ஸ்டைன் காட்டிய வழியில் உறவைக் கழித்துவிட்டு ஒப்பிடவேண்டும்.

10. சுவிட்சுகளையும் பாருங்கள்

தரவு இருந்தால் மட்டும் இந்தப் படி. 2007-இல் நான்கு கல்லீரல் படியெடுப்புக் காரணிகளை மனிதனிலும் எலியிலும் ஒப்பிட்டபோது, அவை பற்றும் இடங்களில் 41 முதல் 89 சதவீதம் வரை இனத்துக்கு இனம் வேறாக இருந்தன. 2015-இல் 20 பாலூட்டிகளின் கல்லீரலை ஆராய்ந்தவர்கள், மரபணுவை ஒட்டிய சுவிட்சுகளான புரமோட்டர்கள் நிலைத்திருக்க, தூரத்துச் சுவிட்சுகளான என்ஹான்சர்கள் வேகமாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். காரணிப் புரதம் மாறவில்லை, பல மரபணுக்களின் வெளிப்பாட்டு அளவும் பெரிதாக மாறவில்லை, நடுவில் உள்ள இணைப்புகள் மட்டும் புதுப்புது இடங்களில் விழுகின்றன. எனவே ஒரு பற்றும் இடம் மறைந்ததை வைத்து வெளிப்பாடு குறைந்திருக்கும் என்று ஊகிக்காதீர்கள். 9-ஆம் படியின் அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

11. முடிவை எழுதுங்கள்

ஒவ்வொரு மரபணுவுக்கும் ஓர் அட்டவணை வரி: எந்தக் கிளையில், எது மாறியது, எந்தச் சான்று. வரிசை, எண்ணிக்கை, வெளிப்பாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் இருக்கட்டும். தரவு இல்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பயன்படுத்திய மரபணுத்தொகுதிகளின் பதிப்பு எண்களையும் என்செம்பிள் வெளியீட்டு எண்ணையும் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த வெளியீட்டில் இணைகள் மாறும். தகவமைப்பு என்ற சொல்லை, நொதியைத் தயாரித்து அதன் திறனை அளந்துபார்த்த இடங்களுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். கடலுக்குத் திரும்பிய பாலூட்டிகளில் பிஓஎன்1 மரபணு பலமுறை தனித்தனியே செயலிழந்ததை 2018-இல் அறிவித்தவர்கள் வரிசையோடு நிற்கவில்லை. அந்த விலங்குகளின் இரத்தத்தை எடுத்து, ஆர்கனோபாஸ்பேட் நச்சுகளின் வழிப்பொருள்களை அது உடைக்கிறதா என்று சோதித்த பிறகே எழுதினார்கள்.